புவியியல் பட்டம்: படித்தால் பணம் வருமா?
பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு ஒரு கணக்கு

ஒவ்வோர் ஆண்டும் தேர்வு முடிவுகள் வந்ததும் கல்வி உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்களில் சிலர் ஒரு கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். "பிள்ளைக்கு அரசுக் கல்லூரியில் ஜியாகிரபிதான் கிடைத்திருக்கிறது. சேர்க்கலாமா, அல்லது கடையில் விட்டுவிடலாமா?" இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. 'படிப்புதானே, எதுவானாலும் நல்லதுதான்' என்று சொல்லி அனுப்புவதும் பொறுப்பான பதில் அல்ல. கூலிக்குப் போகும் வாப்பாவுக்கு மூன்று வருடம் என்பது பெரிய காலம். அந்த மூன்று வருடத்தை எதற்குக் கொடுக்கிறோம், அது எப்போது, எந்த வழியில் திரும்பி வரும் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு இருக்கிறது.

உலகப் படம் வரைந்த இத்ரீஸியும், உலகம் சுற்றி மதுரை வரை வந்துபோன இப்னு பதூதாவும் நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க முடியாது. ஆகவே இங்கே வரவையும் செலவையும் மட்டும் பார்ப்போம்.

இது என்ன படிப்பு?

பள்ளியில் நதிகளின் பெயரையும் மாநிலத் தலைநகரங்களையும் மனப்பாடம் செய்தது நினைவில் இருப்பதால், புவியியல் என்றாலே பலருக்கும் அந்த எண்ணம்தான் வருகிறது. கல்லூரிப் படிப்பு அப்படி இல்லை. நிலத்தின் அமைப்பு, வானிலை, மண், நீர் ஆகியவை ஒரு பாதி. மக்கள்தொகை, நகரங்கள், வேளாண்மை, தொழில், போக்குவரத்து ஆகியவை மறுபாதி. இவற்றோடு நில அளவைப் பயிற்சி, வரைபடம் தயாரித்தல், புள்ளியியல், செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் தொலையுணர்வு, கணினியில் வரைபடம் கையாளும் ஜி.ஐ.எஸ். என்னும் புவியியல் தகவல் முறை ஆகியவையும் உண்டு. பின்னால் வருமானத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியமாக வரும்.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு நீண்ட வேர் உண்டு. 1926-ஆம் ஆண்டிலேயே சென்னையில் புவியியலுக்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் இந்தியப் புவியியல் சங்கமாக வளர்ந்தது. சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் இத்துறை இருக்கிறது. தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் இது அரிது. ஆகவே புவியியல் படிக்கிற பிள்ளை பெரும்பாலும் அரசுக் கல்லூரியில்தான் படிக்கும். அங்கே கட்டணம் குறைவு என்பதால், ஏழைக் குடும்பத்துக்கு இந்தப் படிப்பின் முதல் லாபம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

செலவு எவ்வளவு?

படிப்புச் செலவு என்றால் கட்டணத்தை மட்டும் எண்ணுகிறோம். பெரிய செலவு அதுவல்ல. மூன்று வருடம் பிள்ளை சம்பாதிக்காமல் இருப்பதுதான் பெரிய செலவு.

ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப இவற்றை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். பதினெட்டு வயதுப் பையன் ஜவுளிக்கடையில் சேர்ந்தால் மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்று கொள்வோம். மூன்று ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். அரசுக் கல்லூரியில் கட்டணம், புத்தகம், பஸ், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 15,000 என்றால் மூன்று ஆண்டுக்கு 45,000. ஆக மொத்தம் 4,05,000 ரூபாய்.

இதில் ஒரு பகுதியை அரசே திருப்பித் தருகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதில் சேர்க்கப்பட்டுள்ளார்கள். மூன்று ஆண்டு முழுவதும் பெற்றால் 36,000 ரூபாய். அப்போது நிகரச் செலவு 3,69,000 ரூபாய். பெண் பிள்ளைகளுக்கு அரசு நகரப் பேருந்தில் கட்டணமும் இல்லை.

அருகில் புவியியல் துறை உள்ள கல்லூரி இல்லையென்றால் இந்தக் கணக்கு மாறும். வெளியூரில் தனியார் விடுதியில் தங்கினால் சாப்பாடும் வாடகையும் சேர்ந்து கட்டணத்தைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். ஆகவே வெளியூரில் இடம் கிடைத்தால், பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினருக்காக அரசு நடத்தும் விடுதியில் இடம் கிடைக்குமா என்பதை முதலில் பாருங்கள். அதற்குப் பிறகு கல்லூரியில் பணம் கட்டலாம்.

பட்டம் மட்டும் இருந்தால்?

இனி வரவைப் பார்ப்போம். கசப்பான பகுதியை முதலில் சொல்லிவிடுகிறோம். புவியியல் பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கூடுதலாக எதுவும் கற்காமல் வெளியே வரும் பிள்ளைக்குத் தனியார் துறையில் தனி மதிப்பு எதுவும் இல்லை. பி.காம். படித்தவரைக் கணக்கு எழுதக் கூப்பிடுவார்கள். புவியியல் படித்தவரை அப்படிக் கூப்பிடும் கடைவீதி எந்த ஊரிலும் இல்லை. அவர் 'ஏதோ ஒரு டிகிரி' என்ற வரிசையில்தான் நிற்பார்.

அப்படி ஒரு வேலையில் 13,000 ரூபாய் சம்பளம் கிடைக்கிறது என்று கொள்வோம். மூன்று வருடத்துக்கு முன் கடைக்குப் போன அவருடைய நண்பர் இப்போது 12,000 வாங்குகிறார். வித்தியாசம் மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. நாம் போட்ட 3,69,000 ரூபாய் திரும்பி வர முப்பது ஆண்டுக்கு மேல் ஆகும். பணத்தை மட்டும் பார்த்தால் இது நஷ்டம்தான். இதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் நன்மை இல்லை.

ஆனால் புவியியல் பட்டத்தை அடுத்த படிக்கு ஏற உதவும் ஏணியாகப் பயன்படுத்துபவர்களுக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அப்படி நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி: ஜி.ஐ.எஸ்.

இன்று மின்வாரியத்தின் கம்பங்கள், மாநகராட்சியின் குடிநீர்க் குழாய்கள், சொத்துவரி வீடுகள், மழைநீர் வடிகால்கள், செல்போன் கோபுரங்கள் எல்லாம் கணினி வரைபடத்துக்குள் வந்துகொண்டிருக்கின்றன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று வரைபடத்தில் பார்ப்பது சென்னையில் அவசியத் தேவையாகிவிட்டது. வரைபடம் தயாரிப்பதில் இருந்த பழைய கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் தளர்த்தியது. 2022 டிசம்பரில் தேசிய புவிசார் கொள்கையும் வெளியானது. இதனால் தனியார் நிறுவனங்களும் இந்தத் துறையில் தடையின்றி வேலை செய்ய வழி பிறந்தது.

இந்த வேலைக்குப் பொறியியல் படித்தவர்களும் போட்டிக்கு வருவார்கள். புவியியல் மாணவருக்கு இருக்கும் பலம், படத்தில் இருப்பது தரையில் என்ன என்று அவருக்குப் புரியும் என்பது. பலவீனம், பல கல்லூரிகளில் கணினிப் பயிற்சி போதாது என்பது. அந்தக் குறையைச் செலவில்லாமல் சரிசெய்யலாம். கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள் முற்றிலும் இலவசம். இஸ்ரோவின் கீழ் டேராடூனில் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையம் வழியாக இலவசப் பாடங்கள் நடத்திச் சான்றிதழும் தருகிறது. நான் முதல்வன் திட்டத்தில் வரும் பயிற்சிகளையும் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கி, தன் சொந்த ஊரின் வார்டு வரைபடத்தையோ குளங்களின் வரைபடத்தையோ தானே செய்து வைத்திருக்கும் பிள்ளை நேர்முகத் தேர்வில் தனியாகத் தெரிவார்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. மூன்று நான்கு வருட அனுபவத்துக்குப் பிறகுதான் உயரும். பட்டம் இல்லாமல் போனவரைவிடச் சராசரியாக மாதம் 8,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால், ஆண்டுக்கு 96,000 ரூபாய். நாம் போட்டது நான்கு ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

வளைகுடா நாடுகளிலும் நகராட்சி, எண்ணெய், மின்சாரம், தொலைத்தொடர்பு நிறுவனங்களில் இந்த வேலை உண்டு. நம் பிள்ளைகள் ஹெல்பராகவும் டிரைவராகவும் போகும் அதே நாடுகளுக்கு மேசை வேலைக்குப் போகும் வாய்ப்பு இது. ஆனால் அங்கே அனுபவம் கேட்பார்கள். இங்கே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து, பட்டச் சான்றிதழை முறைப்படி அட்டஸ்டேஷன் செய்துகொண்டு போவதுதான் வழி. கல்லூரி முடித்த மறுமாதமே விசா வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடமிருந்து விலகி இருங்கள்.

இரண்டாம் வழி: ஆசிரியர் பணி

பட்டத்தோடு இரண்டாண்டு பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். அதன் ஊதிய விகிதம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி முதலியவை தனி. முதுகலையும் பி.எட்.டும் முடித்தால் மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். அது 36,900-இல் தொடங்குகிறது. முதுகலையோடு நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அதன் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700.

பி.எட். படிக்கும் இரண்டு ஆண்டில் இழக்கும் சம்பளம் 2,88,000, கட்டணம் ஒரு லட்சம் என்று வைத்தால் மொத்தச் செலவு சுமார் 7,57,000 ஆகும். அரசுப் பணி கிடைத்துவிட்டால் அடிப்படை ஊதியத்தை மட்டும் கணக்கிட்டாலும் மூன்று ஆண்டுக்குள் அது திரும்பிவிடும். இதில் கவனிக்க வேண்டிய சொல் 'கிடைத்துவிட்டால்' என்பதுதான். தமிழ், ஆங்கிலம், கணிதத்தோடு ஒப்பிட்டால் புவியியலுக்கு இடங்கள் குறைவு. அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்க வேண்டியிருக்கும். அந்தக் காத்திருப்பைக் குடும்பம் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

மூன்றாம் வழி: போட்டித் தேர்வுகள்

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அந்த வகையில் புவியியலும் மற்றப் பட்டங்களும் ஒன்றுதான். ஆனால் பாடத்திட்டத்தில் புவியியல் ஒரு பகுதியாக இருப்பதால், மற்றவர் புதிதாகப் படிப்பதை நம் பிள்ளை ஏற்கெனவே படித்திருக்கும். ஐ.ஏ.எஸ். முதலிய பணிகளுக்கான மத்திய தேர்வாணையத் தேர்வில் இந்தப் பயன் இன்னும் அதிகம். முதன்மை எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்கு உரியது. அந்த விருப்பப் பாடமாகப் புவியியலை எடுக்கலாம். பொது அறிவுத் தாளிலும் அது வருகிறது. நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கப்படும் ஆயிரம் பேருக்கு, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் உதவித்தொகை தரப்படுகிறது. ஆயினும் இந்தத் தேர்வுகளில் வெல்பவர்கள் சிலரே. இதை மட்டும் நம்பி மற்ற வழிகளை அடைத்துவிடக் கூடாது.

நான்காம் வழி: மேற்படிப்பு

புவியியல் முதுகலை முடித்தவர்கள் நகரத் திட்டமிடலில் எம்.பிளான். படிக்கலாம். டெல்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளி போன்ற மத்திய நிறுவனங்களில் புவியியல் முதுகலையை ஏற்கிறார்கள். தொலையுணர்வு, புவித்தகவலியல் ஆகியவற்றில் முதுகலைப் படிப்புகளும் உண்டு. இந்த வழி நீளமானது. நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு மட்டும் பொருந்தும்.

ஒதுக்கீடு பற்றிச் சில செய்திகள்

தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. இது 200 இடங்களில் 7 இடம். ஒரு பாடத்துக்கு 30 பணியிடங்கள்தான் அறிவிக்கப்படுகின்றன என்றால் நமக்கு ஏறக்குறைய ஓர் இடமே வரும். அந்த ஓர் இடத்துக்குள் நுழைவதை மட்டும் இலக்காக வைக்கும் பிள்ளை தன் வாய்ப்பைத் தானே சுருக்கிக்கொள்கிறது. 31 விழுக்காடு பொதுப் பிரிவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இலக்கு அதுவாக இருக்கட்டும். ஒதுக்கீடு துணையாக நிற்கட்டும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாதது. மாநில அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் தகுதியாக உள்ள வேலைக்கு ஒன்றாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் வந்த பிள்ளையைக் கல்லூரியில் ஆங்கிலவழியில் சேர்த்தால், பட்டநிலை வேலைகளில் இந்த முன்னுரிமை போய்விடும். மறுபுறம், தனியார் ஜி.ஐ.எஸ். வேலைக்கும் வளைகுடாவுக்கும் ஆங்கிலம் கட்டாயம். எந்த வழி என்பதைச் சேரும் நாளிலேயே யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தவறான நம்பிக்கைகள்

'புவியியல் படித்தால் சர்வேயர் ஆகலாம்' என்று சொல்வார்கள். நில அளவைத் துறையின் அளவர், வரைவாளர் பணிகளுக்குச் சிவில் டிப்ளமோ அல்லது ஐ.டி.ஐ. சான்றிதழைத்தான் தகுதியாகக் கேட்டிருக்கிறார்கள். 'வானிலை மையத்தில் வேலை கிடைக்கும்' என்றும் சொல்வார்கள். அங்கே அறிவியல் உதவியாளர் பணிக்கு இயற்பியல் உள்ள அறிவியல் பட்டம், கணினிப் பட்டம், மின்னணுவியல் டிப்ளமோ போன்றவற்றைக் கேட்டிருக்கிறார்கள். பெயர் ஒத்திருப்பதால் வேலை கிடைத்துவிடாது. எந்தப் பணியானாலும் அறிவிப்பில் உள்ள கல்வித் தகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு நம்புங்கள்.

கடன் வாங்கலாமா?

அரசுக் கல்லூரியில் புவியியல் படிக்கக் கடன் தேவைப்படாது. தேவைப்பட்டாலும் சிறு தொகைதான். சில ஆயிரம் ரூபாய்க்காக நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ பிள்ளையைச் சேர்க்க வேண்டாம். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையைக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். அதற்கும் எட்டாத தொகை என்றால் உங்கள் மஹல்லா பைத்துல்மாலையோ நம் அறக்கட்டளையையோ அணுகுங்கள். வட்டி என்பது நமக்கு மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. அதோடு, முதல் நான்கு ஆண்டில் குறைவாகவே சம்பாதிக்கப்போகும் பிள்ளையின் தலையில் அதை ஏற்றுவது வெறும் பணக்கணக்காகப் பார்த்தாலும் சரியாக வராது.

பெண் பிள்ளைகளுக்கு

'கல்யாணம் ஆகிப் போகிறவளுக்கு எதற்கு?' என்ற பேச்சு குறைந்திருந்தாலும் நிற்கவில்லை. ஒரு பெண்ணுக்குப் பட்டத்தின் விலையை முதல் சம்பளத்தில் மட்டும் அளக்க முடியாது. கணவர் நோயில் விழுந்தாலோ, மவுத்தானாலோ, வெளிநாட்டில் வேலை போனாலோ, முப்பத்தைந்து வயதில் பி.எட். சேரவும் அரசுத் தேர்வு எழுதவும் கையில் ஒரு பட்டம் இருந்தால்தான் முடியும். ஜனாஸா எடுத்த வீட்டில் இத்தா முடிந்த பிறகு நம்மிடம் உதவி கேட்டு வரும் தாய்மார்களில் பட்டம் உள்ளவருக்கு நாம் ஒரு வழியைக் காட்ட முடிகிறது. இல்லாதவருக்கு மாதாந்திர உதவிதான் தர முடிகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

1. பாடத்திட்டத்தில் ஜி.ஐ.எஸ்., தொலையுணர்வு தாள்கள் உள்ளனவா? அவற்றுக்குக் கணினி ஆய்வகம் இயங்குகிறதா? துறைக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

2. வகுப்பு தமிழ்வழியா, ஆங்கிலவழியா?

3. கடந்த ஆண்டு முடித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? துறையில் கேட்டால் சொல்வார்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

4. வீட்டிலிருந்து போய்வர முடியுமா, விடுதி வேண்டுமா?

5. பிள்ளைக்கு இதில் விருப்பம் இருக்கிறதா? வரைபடத்தைப் பார்த்துச் சலிக்கும் பிள்ளையைச் சேர்த்தால் மேலே சொன்ன நான்கு வழிகளும் அடைபட்டுவிடும்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைத்து, நான்கு வழிகளில் ஒன்றையாவது பிள்ளை தேர்ந்தெடுத்திருந்தால் தயங்காமல் சேருங்கள். 'டிகிரி இருக்கட்டுமே' என்பது மட்டும் காரணமாக இருந்தால், அருகிலுள்ள ஐ.டி.ஐ.யில் தொழில் கற்பது உங்கள் குடும்பத்துக்கு விரைவில் பலன் தரும். அதிலும் குறைவொன்றும் இல்லை.

அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையம் வழியாகவே நடக்கிறது. விண்ணப்பிக்கத் தெரியாதவர்கள் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றுடன் நம் அலுவலகத்துக்கு வந்தால் கட்டணமின்றிப் பதிவு செய்து தருகிறோம். சாதிச் சான்றிதழில் பி.சி. முஸ்லிம் என்று சரியாக இருக்கிறதா என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் பிழை இருந்தால் திருத்தி வாங்க நாள் பிடிக்கும். கல்லூரி சேர்க்கை அதுவரை காத்திருக்காது.